சுடுமண் பொம்மைக்கு வருமான வரி: புதுச்சேரித் தோழிக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாலுக்கு,

பேரன் எடுத்த பிறகும் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரா என்று கோபிக்காதே. வேறு பெயர் எழுத எனக்குக் கை வரவில்லை.

மின்சூளை வாங்கிவிட்டாய் என்று படித்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். வில்லியனூரில் அடுத்தவர் சூளையில் இடம் கேட்டு, அவர்கள் சுடும் நாள்வரை காத்திருந்த தொல்லை இனி இல்லை. மாசி மகத்துக்கு இந்தப் பக்கம் வருவாய் என்று பார்த்தேன். தேவனாம்பட்டினத்தில் கால் வைக்க இடமில்லை. உனக்கு வைத்திக்குப்பமே போதும் என்று இருந்துவிட்டாய் போல. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. ஆபீசில் மார்ச் மாத நெரிசல் ஆரம்பித்துவிட்டது. ஆடிட்டருக்கு என்னைப் பார்த்தால் கணக்கு, எனக்கு அவரைப் பார்த்தால் காப்பி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். களிமண், பெயிண்ட், அட்டைப்பெட்டி, கூரியர், கரண்ட் பில், போன் பில், இதில் எதையெல்லாம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். தொழிலுக்காகச் செய்த செலவு என்றால் அநேகமாக எல்லாமே கழியும். ஆனால் உன் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்த பிறகு செலவைவிட வரவுப் பக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீ விற்கிற அந்த ஆன்லைன் தளத்தில் ஒரு விளக்கு ஜிஎஸ்டி போக 500 ரூபாய்க்குப் போகிறது என்று வை. கமிஷன், அனுப்பும் கூலி, பணம் வாங்கித் தந்த கட்டணம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு 370 ரூபாய் உன் கணக்கில் போடுகிறார்கள். நீ 370 என்று வரவு எழுதுகிறாய். அது சரியில்லை. விற்பனை 500, செலவு 130. லாபம் எப்படியும் ஒன்றுதானே என்பாய். லாபம் ஒன்றுதான், விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, ஒன்றல்ல. வரித்துறை பல இடங்களில் விற்றுமுதலை வைத்துத்தான் உன்னை அளக்கிறது. தளம் வழியாக ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் விற்றால் அவர்களே 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பார்கள். 2024 அக்டோபருக்கு முன்பு 1 சதவீதமாக இருந்தது. அந்தப் பிடித்தம் உன் பான் எண்ணின் கீழ் 26ஏஎஸ் என்ற வரிப்பிடித்தக் கணக்குப் படிவத்தில் முழு விற்பனைத் தொகையோடு ஏறும். அதில் ஒரு தொகையும் உன் ரிட்டர்னில் வேறு தொகையும் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஆகவே தளத்திலிருந்து மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கையை உன் மகளை இறக்கி வைக்கச் சொல். பாங்க் பாஸ்புக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எழுத முடியாது.

உடைந்து திரும்பி வந்த பார்சல் என்றால், திருப்பிக் கொடுத்த பணத்தை விற்பனையில் குறைத்துவிடு. போக வர ஆன கூலியும் பொதி கட்டிய செலவும் செலவாகவே நிற்கும்.

அடுத்தது களிமண். வாங்கியதை எல்லாம் செலவு என்று எழுதி வைத்திருக்கிறாய். மார்ச் 31 அன்று வீட்டில் மிச்சம் இருக்கும் மண், பெயிண்ட் டப்பா, விற்காத பொம்மை எல்லாம் இருப்பு. அதற்கு ஆன அடக்க விலையை இந்த ஆண்டுச் செலவில் சேர்க்க முடியாது, அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணி ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. பெரிய கடைக்காரர்களே சோம்பல் படும் வேலை இது. உனக்கு ஒரு அலமாரியும் ஒரு கட்டிலுக்கடியும்தானே.

சூளையை ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது. தேய்மானம்தான், அதாவது ஆண்டுதோறும் விலையில் ஒரு பங்கு, கிடைக்கும். இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். நீ தை மாதம் வாங்கியதால், மார்ச்சுக்குள் 180 நாள் ஆகவில்லை, இந்த முறை பாதி, அதாவது ஏழரை. மகளுடைய லேப்டாப்பைத் தொழிலுக்கென்றே வாங்கியிருந்தால் அதற்கு 40 சதவீதம். சூளைக்குப் பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து இயந்திரம் வாங்கினால், அந்தத் தொகை விலையில் சேராது, தேய்மானமும் கிடையாது. மற்றச் செலவுகளுக்கும் அதே 10,000 வரம்புதான். பொதி கட்ட வரும் அக்காவுக்குக் கொடுக்கும் கூலி அந்த அளவுக்குப் போகாது. தேதி, தொகை எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கி வை.

வீடு உங்கள் சொந்த வீடு என்பதால் வாடகை என்று எதையும் எழுத முடியாது. வாடகை வீடாக இருந்தால் தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் பங்கைக் கழிக்கலாம். கரண்ட் பில்லில் சூளை எவ்வளவு தின்கிறது என்று காட்ட, அந்த ஒன்றுக்கு மட்டும் தனியாகச் சின்ன மீட்டர் ஒன்று மாட்டிவிடு. போன் பில்லில் பாதி என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். முழுசும் தொழிலுக்கு என்றால், தினமும் ராத்திரி என்னோடு பேசுவது எந்தத் தொழில் என்று கேட்பார்கள்.

கழிக்க முடியாத ஒன்று உண்டு, அதுதான் உன் செலவிலேயே பெரியது. உன் உழைப்பு. ஒரு அய்யனார் குதிரைக்கு மூன்று நாள் உட்காருகிறாய். அதற்கு உனக்கு நீயே கூலி போட்டுக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. சொந்தத் தொழில் நடத்துபவருக்கு மிஞ்சுவது எல்லாம் லாபம், அதில் கூலி எது லாபம் எது என்று பிரிப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உனக்குக் கிடையாது. மகள் நிஜமாகவே போட்டோ எடுத்து, ஆர்டர் பார்த்து, நீ பாங்க் வழியாக நியாயமான சம்பளம் கொடுத்தால் அது செலவு. ஆனால் அவளுடைய வருமானத்தில் அது ஏறும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு வழியும் சொல்ல வேண்டும். உன் தெருவில் யாரோ, பில்லே வேண்டாம், ஆறு சதவீதம் காட்டினால் போதும் என்று சொன்னார்களே, அது பொய் இல்லை. 44ஏடி என்று ஒரு பிரிவு. சிறு தொழில் செய்பவர் கணக்குப் புத்தகம் வைக்காமலே, பாங்க், யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். 2 கோடி வரை இந்த வசதி உண்டு, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. உன் விற்பனை 9 லட்சம். அதில் ஆன்லைன் 8 லட்சம், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ரொக்கமாக 1 லட்சம் என்று வைத்தால், 48,000, அதோடு 8,000, ஆக 56,000 ரூபாய் லாபம். இதில் சேர்ந்தால் தேய்மானம் முதல் கூரியர் வரை எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள் அடக்கம்.

ஆனால் உன் நோட்டுப்படி உண்மையான லாபம் மூன்று லட்சத்து சொச்சம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம் இவ்வளவு என்றுதான். அதிகம் சம்பாதித்தால் அதிகம் காட்ட வேண்டும். நான் சொல்வது: நிஜத் தொகையையே காட்டு. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம். எஃப்டி வட்டியைச் சேர்த்தாலும் நீ அந்த வரம்பின் பக்கத்தில்கூட இல்லை. லாபத்தைக் குறைத்துக் காட்டி ஒரு ரூபாயும் மிச்சப்படப் போவதில்லை. மாறாக, 56,000 சம்பாதித்தவள் 1,20,000 ரூபாய்க்குச் சூளை எப்படி வாங்கினாள் என்ற கேள்வி வரும். நாளைக்கு முத்ரா கடன் கேட்டுப் போனால் பாங்க் மேனேஜரும் ரிட்டர்னில் உள்ள 56,000-ஐப் பார்த்துத்தான் பேசுவார். நீயோ ஷெட் போடக் கடன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய்.

பக்கத்து வீட்டுக்காரியின் காகிதக்கூழ் பொம்மைகளை உன் பக்கத்தில் போட்டு விற்றுக் கொடுத்து கமிஷன் எடுப்பதாகச் சொன்னாய். சட்டப்படி கமிஷன் வருமானம் உள்ளவருக்கு இந்த 44ஏடியே பொருந்தாது, ஆகவே அந்தக் கமிஷன் எடுக்கும்வரை இந்த வழி உனக்கு இல்லை. இன்னொன்றும் கேள். ஒரு ஆண்டு இதில் சேர்ந்துவிட்டு, ஐந்து ஆண்டுக்குள் இதைவிடக் குறைந்த லாபம் காட்டி வெளியே வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுக்கு மறுபடி நுழைய முடியாது. வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் வேண்டும். வெள்ளம், புயல் அடிக்கும் ஊரில் இருக்கிற நமக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது உங்கள் ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியதே, சுடாத பொம்மைகள் எல்லாம் மறுபடி சேறானதாக அழுதாயே. ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் அந்த நஷ்டம் தானாகவே கழிந்திருக்கும். போன சரக்கு இருப்பில் இருக்காது, லாபமும் அந்த அளவுக்கு இறங்கும். சதவீதக் கணக்கில் புயலுக்கு இடமில்லை. இனி அப்படி ஏதாவது நடந்தால் கூட்டிப் பெருக்கும் முன் போட்டோ எடுத்து வை.

ஜிஎஸ்டி எண்ணை ஒப்படைத்துவிடலாமா என்ற கேள்வி கஷ்டமானது. உங்கள் புதுச்சேரியில் பொருள் விற்பவருக்கு வரம்பு 20 லட்சம், எங்கள் தமிழ்நாட்டில் 40 லட்சம். நீ 9 லட்சம்தான். ஆனால் தளம் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்கும்வரை வரம்பு எதுவாக இருந்தாலும் எண் வேண்டும். எண் இல்லாமல் தளத்தில் விற்க 2023 அக்டோபரில் ஒரு சலுகை கொடுத்தார்கள், அது சொந்த மாநிலத்துக்குள் மட்டும். இதில் ஒரு வேடிக்கை. கேரளக் கரையில் இருக்கும் மாஹிக்கும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கும் நீ பொம்மை அனுப்பினால் அது உள்ளூர் விற்பனை. முள்ளோடையைத் தாண்டி எனக்கு ஒரு அகல் விளக்கு அனுப்பினால் மாநிலம் விட்டு மாநிலம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பைகளைத் துழாவுகிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

தளத்தை விட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் மட்டும் நேராக விற்பதானால் வழி இருக்கிறது. கைவினைப் பொருள் என்று அரசு அறிவித்த பட்டியலில் சுடுமண்ணும் காகிதக்கூழும் உண்டு. பெரும்பாலும் கையால் செய்தவை என்றால், 20 லட்சம் வரை வெளி மாநிலத்துக்கும் எண் இல்லாமல் அனுப்பலாம். பான் எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு பார்சலுக்கும், 200 ரூபாய்ப் பொருளானாலும், இ-வே பில், அதாவது சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு, போட வேண்டும். தினமும் நாலு பார்சல் போகிறவளுக்கு அது மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்னைவிட எரிச்சலான வேலை. தளத்தில்தான் பாதிக்கு மேல் விற்கிறது, ஆகவே எண்ணை விடாதே என்பேன். அப்புறம், கூரியர் பில்லிலும் பெட்டி பில்லிலும் இருக்கும் ஜிஎஸ்டியை அந்த ரிட்டர்னில் எடுத்துக்கொண்டால், அதே தொகையை வருமான வரியில் செலவாகவும் எழுதாதே.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறும், 44ஏடி என்ற பெயரும் போய்விடும். 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான். யூடியூபில் யாராவது புது எண் சொன்னால் குழம்பாதே.

தளத்தின் பன்னிரண்டு மாத அறிக்கை, சூளை பில், மார்ச் 31 இருப்புத் தாள், பாங்க் ஸ்டேட்மெண்ட், இவற்றை ஏப்ரலில் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வா. ரிட்டர்னை நானே போட்டுத் தருகிறேன். கூலியாக எனக்கு அந்த நீலக் குதிரை வேண்டும். பண்ருட்டியில் என் நாத்தனார் வீட்டுத் தோப்பில் அதற்குள் முந்திரிப்பழம் வந்துவிடும், நீ திரும்பும்போது ஒரு பை கட்டித் தருகிறேன். பஸ்ஸில் வருவதானால் சனிக்கிழமை வேண்டாம், அன்று கூட்டம் தாங்காது.

உன்,
மஞ்சக்குப்பத்துக்காரி