கண்டுகொள்ளாமல் விட வேண்டுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மீடியா பிளேயரின் அப்டேட் நிரல் பின்னணியில் ஓயாமல் ஓடுகிறதே, எப்படி நிறுத்துவது என்று சென்ற இதழின் கணினிப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அது பாட்டுக்கு ஓடட்டும், கண்டுகொள்ளாதீர்கள்" என்று திருவாய் மலர்ந்திருக்கிறார் உங்கள் நிபுணர்.

தினமும் ஒன்றரை ஜிபி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு தாராளமாகச் சொல்லலாம். எங்கள் தென்னாப்பிரிக்காவில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் டேட்டா விலையை விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த பிறகுதான், மறு ஆண்டு ஏப்ரலில் 1 ஜிபி 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. அதையும் கெடு முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும்.

டர்பன், சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் தமிழ் புழங்காத பிள்ளைகள். பாட்டைக் கேட்டுத்தான் உச்சரிப்பு நாக்கில் ஏற வேண்டும். பழைய லேப்டாப்பில் தேவாரம் போட்டால் பாதி அடியில் திக்குகிறது. "டீச்சர், ஓதுவாருக்கு மூச்சு வாங்குகிறதா?" என்கிறான் ஒரு பையன். திரையின் மூலையில் ஒரு பெட்டி: புதிய பதிப்பு தயாராம். 'இப்போது', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். 'வேண்டாம்' என்று சொல்ல வழியே இல்லை. இணைப்பு என் கைப்பேசியிலிருந்து போகிறது. சற்று நேரத்தில் டேட்டா தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி.

ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அந்த அப்டேட் நிரலை நிறுத்தினால், பிளேயரை அடுத்த முறை திறந்ததும் மறுபடி வந்து நிற்கிறது. கணினியோடு சேர்ந்தே தொடங்கும் நிரல்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் முடக்கினால், குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் தனக்கென்று தனியாக ஒரு பதிவு வைத்திருக்கிறது. முதலில் பிளேயரின் அமைப்புகளுக்குள் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட்அப் பட்டியலுக்கும் ஷெட்யூலருக்கும் போக வேண்டும். இதை நானேதான் தேடித் தெரிந்துகொண்டேன். இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டியது) என்று விண்டோஸில் குறித்தால் போதும் என்று முன்பொரு முறை எழுதினாரே உங்கள் நிபுணர், அது விண்டோஸின் சொந்த அப்டேட்டுகளுக்குத்தான் கடிவாளம். பிற நிறுவனங்களின் நிரல்கள் அதை மதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவருக்கா தெரியாது?

பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் அப்டேட் அவசியம்தான், மறுக்கவில்லை. நூலகத்து வைஃபையில், எனக்குத் தோதான நேரத்தில், நானே செய்துகொள்கிறேன். நிறுவும்போதே தானியங்கி அப்டேட்டுக்கு டிக் போட்டு வைத்துவிட்டு, நான் எடுக்காததால் சம்மதித்துவிட்டேன் என்றால் எப்படி? வாடிக்கையாளர் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளும் வியாபாரத்தை எங்கள் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. இலவச மென்பொருளுக்கு அது செல்லுமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும், நியாயம் ஒன்றுதானே?

சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். ஜூன் 7 வந்தால், காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையப் படம், தைப்பூசம் வந்தால் எங்கள் காவடிப் படம். இவ்விரண்டு நாளும் போக, தென்னாப்பிரிக்காவில் உங்களுக்கு வாசகர்கள் இருப்பதே நினைவுக்கு வராதா? 1860 முதல் இங்கே இருக்கிறோம். மின்தடை அட்டவணையைப் பார்த்துப் பாடம் நடத்துவது பற்றி நான் எழுதிய கடிதத்தை வெட்டிச் சுருக்கி, 'இதழ் அருமை' என்ற ஒரு வரியை மட்டும் போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கணினிப் பக்கத்தில், பின்னணி அப்டேட்டை நிறுத்தும் வழியை வரிசைப்படி, படத்துடன் அரைப் பத்தி போடுங்கள். புது லேப்டாப் வாங்கச் சொல்லும் யோசனை வேண்டாம். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் கட்டும் ஒரு தமிழாசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்.