வழியனுப்பும் மனைவிக்கும் அந்த அறையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் என் கணவர் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கனரக வாகன ஓட்டுநராகச் சவூதி அரேபியாவுக்குப் புறப்படுகிறார். இது அவருடைய இரண்டாவது பயணம். வெளிநாட்டில் உழைப்பவரைச் ‘சபுராளி’ என்று அழைக்கும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களில் சபுராளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. எனவே இது என் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுபவர்களுக்கு நடத்தப்படும் வழிகாட்டுப் பயிற்சியில் வீட்டில் தங்குபவருக்கும் இடம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதல் முறை அவர் சென்றபோது, பெட்டி கட்டுவதைத்தான் நாங்கள் பயண ஏற்பாடு என்று நினைத்திருந்தோம். ஊறுகாய், மிளகாய்த்தூள், கைலி, தைலம் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன். வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு என எங்கள் குடும்பத்தின் அத்தனை காரியங்களும் அவருடைய ஒரே கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டிருந்தன என்பது அவர் விமானம் ஏறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே புதிய எண் வாங்கியதும், ரீசார்ஜ் செய்யப்படாத பழைய சிம் சில மாதங்களில் செயலிழந்துவிட்டது. ஓடிபி யாருடைய கைக்கும் வரவில்லை. மகனைக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்த நாளில், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் என் தாயாரின் வளையலை அடகு வைத்தேன். கணக்குக்கு உரியவர் நேரில் வர வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். விதியைச் சொன்னவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்த விதியைப் புறப்படுவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதே என் வருத்தம்.

இம்முறை மூன்று மாதங்களாக இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறோம். வீட்டுச் செலவுக்கு என் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, என் எண்ணை இணைத்துவிட்டோம். வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்னும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பதையே இப்போதுதான் அறிந்தோம். பூர்விக நிலத்தில் அவருடைய பங்கு தொடர்பான வேலைகளுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் சார்பில் நான் செயல்பட என் பெயருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) பதிவு செய்தோம். சவூதி போன பிறகு அதைச் செய்வதென்றால், அவர் ஒரு நாள் கூலியை இழந்து ரியாத் தூதரகத்துக்கோ ஜித்தா துணைத் தூதரகத்துக்கோ சென்று கையெழுத்திட வேண்டும். பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு காப்பீட்டுத் தாள். என் கணவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அதற்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு வரி நீங்கலாகப் பிரீமியம் 275 ரூபாய்தான். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். முதல் பயணத்தின்போதும் அவருக்கு இக்காப்பீடு இருந்திருக்கிறது. தாள் அவருடைய பெட்டிக்குள்ளேயே கடல் கடந்து போயிருக்கிறது. அதில் நியமனதாரர் நான். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இப்போது அதன் நகலைக் கேட்டபோது, புறப்படும் நேரத்தில் அத்தகைய பேச்சு வேண்டாமே என்று என் மாமியார் கண் கலங்கினார். பெற்ற மனம் அப்படித்தான் பதறும். ஆனால் அந்தத் தாள் இருக்க வேண்டிய இடம் எங்கள் வீட்டு அலமாரி.

வேலைக்குச் செல்பவர்களுக்கு வெளியுறவுத் துறை அமைச்சகத்தின் சார்பில் புறப்படும் முன் ஒரு நாள் வழிகாட்டுப் பயிற்சி நடத்தப்படுகிறது. அந்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம், புகார் செய்யும் முறை என்று என் கணவர் பயனுள்ள பலவற்றை அங்கே கற்றுவந்தார். ஆள் சேர்ப்பு முகவர் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு பெறக் கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தார். முதல் முறை நாங்கள் கொடுத்தது அதைவிட மிக அதிகம், ரசீதும் இல்லை. அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் வெளியே காத்திருந்தேன். சம்பளம் நின்றாலோ கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டாலோ இங்கிருந்து அதே அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதிய வேண்டியவர்கள் பெரும்பாலும் வெளியே காத்திருக்கும் பெண்கள்தாம்.

ஆகவே அப்பயிற்சியில் மனைவிக்கோ கணவருக்கோ, வீட்டில் தங்கப்போகும் ஒருவருக்கும் இடம் தர வேண்டும். சென்னை வரை செல்ல இயலாதவர்களுக்காக, அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் அறந்தாங்கி, மணமேல்குடி போன்ற ஊர்களில் அரை நாள் முகாம் நடத்தலாம். ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு, காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று அங்கே ஓர் அலுவலர் கேட்டாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் தெருவிலிருந்து முதன்முறையாகப் புறப்படும் ஓர் இளைஞரின் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. நாங்கள் சேர்த்து வைத்துள்ள கோப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.