களிமண் சீமெந்தும் மதில் சொன்ன சாட்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வெள்ளவத்தை வாசகர் ஒருவர், சீமெந்தில் களிமண்ணைக் கலக்கப் போகிறார்களாம், இனி ஒரு அடைமழைக்கே வீடு கரைந்துவிடும் என்று எழுதியிருந்தார். படித்துச் சிரித்தேன். பிறகு, அவர் பயப்படுவதிலும் ஞாயம் இருக்கிறது என்று தோன்றியது. முப்பது வருடமாகக் கொங்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்ப்பதையே உத்தியோகமாகச் செய்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பச்சைக் களிமண் கொங்கிரீட்டுக்குள் போனால் கெடுதல்தான். அதனால்தான் பழைய மேசன்மார் மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். கையில் கறை ஒட்டினால் லொறியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இப்போது பேசப்படுவது சுட்ட களிமண். பீங்கான் செய்ய உதவும் கயோலின் என்ற கனிமம் நிறைந்த களியை 700 முதல் 850 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், அதன் உள்ளே கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறி, கட்டமைப்பு குலைந்து, சுண்ணாம்பைக் கண்டால் பாய்ந்து பிடிக்கிற மாவாக மாறிவிடும். வேக்காடு போதாவிட்டால் களி களியாகவே கிடக்கும். 950 பாகையைத் தாண்டினால் மாவு செத்துவிடும், பிறகு அரைத்துப் போட்டாலும் மணலுக்குச் சமம். அப்பம் சுடுகிற பதம் மாதிரித்தான் இதுவும்.

சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது பலம் தருகிற பசை ஒன்று உண்டாகிறது. கூடவே நீறிய சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு பலத்துக்குப் பெரிதாக உதவாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். சுட்ட களிமாவு அதைப் பிடித்து மேலும் பசையாக்குகிறது. இது நேற்று வந்த வித்தையும் அல்ல. செங்கல்லை இடித்துச் சுண்ணாம்போடு குழைக்கும் சுர்க்கிச் சாந்து இதே வேலையைத்தான் செய்தது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பிலும் சுர்க்கியிலும் எழுந்ததுதான்.

புதிது என்னவென்றால் அளவு. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்கிரிவனரும் கியூபாவில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும் இந்திய ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த கலவையில், சூளையில் சுட்டெடுத்துச் சீமெந்தாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கர் பாதிதான். சுட்ட களி 30 வீதம், சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, மிச்சம் ஜிப்சம். களியில் கயோலின் கனிமம் 40 வீதமளவு இருந்தாலே போதும், ஏழாம் நாளில் கட்டியின் பலம் சாதாரண சீமெந்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்தியா 2023இல் இதற்கென்று தனித் தரநிர்ணயமே வெளியிட்டுவிட்டது.

கிளிங்கரைப் பாதியாக்கினால் என்ன லாபம் என்று கேட்கலாம். கிளிங்கருக்கு 1450 பாகை சூடு வேண்டும். எரிபொருளை விட்டுவிடுங்கள், ஒரு தொன் சுண்ணாம்புக்கல் சூளையில் உடைந்தாலே 440 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். களியைச் சுட்டால் அதிலிருந்து வெளியேறுவது நீராவிதான். நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை 1990இல் அணைந்ததோடு, கிளிங்கர் சுடுவது புத்தளத்தோடு நின்றுபோனது. அது போதாமல் மிச்சத்தைக் கப்பலில் கொண்டுவருகிறோம். டொலர் இல்லாத 2022இல் ஒரு மூடை இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும், கூரை மட்டம் வரை எழுந்து நின்ற வீடுகள் அப்படியே நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. கயோலினோ 120 பஸ்ஸில் போகிற தூரத்தில் பொரலஸ்கமுவையிலேயே இருக்கிறது, தெற்கே மீட்டியாகொடையிலும் இருக்கிறது. பீங்கானுக்கு வெள்ளை வெளேரென்ற களி வேண்டும். சீமெந்துக்கு அது தேவையில்லை, இரும்பு கலந்து சிவந்த களியும் உதவும், சீமெந்து கொஞ்சம் செம்மை தட்டும், அவ்வளவுதான். இதற்காகப் புதுக் குழிகள் தோண்டி நுளம்பு வளர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்கனவே தோண்டிய இடத்தில் கழித்துப் போட்ட களியிலிருந்து தொடங்கட்டும்.

இவ்வளவும் சரி. ஆனால் எனக்குக் கவலை களியைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன்பு தெஹிவளையில் என் தங்கை வீட்டு மதிலுக்குப் பூச்சு வேலை நடந்தது. ஹார்ட்வெயாரில் கிடைத்தது நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து. சித்திரை வெயில். கொந்தராத்துக்காரர் வெள்ளிக்கிழமை பூசி முடித்துக் காசையும் வாங்கிக்கொண்டு போனார், ஒரு வாளித் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. இரண்டு கிழமையில் மதில் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. நகத்தால் கீறினால் மா மாதிரி உதிர்ந்தது. “அக்கா, அது சாம்பல் சீமெந்து, பிடிக்காது. நான் அப்பவே சொன்னனே” என்றார் மேசன் பாஸ். தங்கையும் நம்பிவிட்டாள். நான் போய் மதிலோரமாக நடந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் வழிவுக்குழாய் ஒரு மூலையில் மதிலின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன் கீழே மட்டும் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு வெடிப்பும் இல்லை. சாவியால் கீறினேன், சாவிதான் தேய்ந்தது. அதே மூடை, அதே மணல், அதே பாஸ்.

சுட்ட களிச் சீமெந்துக்கும் இதே கதைதான் நடக்கும். சாம்பலைப் போலவே களிமாவும் சுண்ணாம்பைப் பிடிக்கிற வேலை நாள்கணக்கில் நடப்பது, ஈரம் போனால் வேலையும் நின்றுவிடும். இந்தியக் கொங்கிரீட் விதிக்கோவை சாதாரண சீமெந்துக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சீமெந்துக்கு 10 நாள் நனைத்து வைக்கச் சொல்கிறது. கொழும்பில் மூன்றாம் நாளே பலகையைக் கழற்றி அடுத்த மாடிக்கு ஏற்றுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. களிமாவு தண்ணீரை அதிகம் இழுக்கும், கலவை விறைப்பாக வரும். விறைப்பைக் கண்டதும் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை குழாயைத் திருப்பிவிடுவது. வேண்டியது தண்ணீர் அல்ல, கலவையை இளக்குகிற இரசாயனக் கரைசல். கலக்கும்போது அளவோடு ஊற்ற வேண்டிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதும், இறுகிய பிறகு தாராளமாக ஊற்ற வேண்டியதை மறப்பதும் நம் ஊர் வழக்கம்.

ஒழுங்காக நனைத்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கடலோர மரீன் டிரைவ் தொடர்மாடிக்காரரிடம் சொல்ல வேண்டும். கம்பி துருத்தேறி பல்கனி அடிப்பாகம் உதிர்வதற்கு முக்கிய காரணம் கடலுப்பு. சுட்ட களி சேர்ந்த கொங்கிரீட்டில் நுண்துளைகள் சிறுத்துவிடுவதால் உப்பு உள்ளே நுழைவது வெகுவாகக் குறைகிறது. மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பு குறைவதால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உள்ளே இறங்குவதைத் தடுப்பதில் இது கொஞ்சம் பின்தங்கும். கம்பிக்கு மேல் கொங்கிரீட் கனம் குறையாமல் விட்டாக வேண்டும்.

ஆகவே அதிகாரிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். தங்கை வீட்டு மதில் தகராறின்போது வெறும் பையை எடுத்து விரித்துப் பார்த்தேன். தரச்சின்னம் இருந்தது, எண் இருந்தது, ஒரு யானையளவு வணிகப்பெயரும் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்று எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை. களிமண் சீமெந்து கடைக்கு வருவதற்கு முன்பே அந்த இரண்டு வரியையும் சிங்களத்திலும் தமிழிலும், பாஸ் கண்ணாடி போடாமலே வாசிக்கிற எழுத்தில், பையின் முன்பக்கத்தில் அச்சடிக்கச் சொல்லிக் கட்டாயமாக்குங்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
தெஹிவளை.