அப்பாவின் கையும் அந்தக் கப்பல் படக்காரரும்

சாத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சேகர்,

ஆடியில் நீ மூன்று முறை ஃபோன் செய்தாய், நான் எடுக்கவில்லை. உன் சின்னவள் சடங்குக்கும் வரவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மாமனாரின் நிலத் தகராறு முடிந்ததா? இங்கே மல்லிகாவும் பையனும் நலம். பாலு சேலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டான். போகும்போதும் என் குடையைத் தரவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்திரை வாக்கிலேயே வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காட்டிய டாக்டர், வயசாகிவிட்டது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு மாதம் அப்படியே போயிற்று. பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே அந்தப் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உங்க பேரை அஞ்சு தடவை எழுதுங்க ஐயா" என்றார். அப்பா எழுதினார். முதல் வரி ஓரளவு சரி. அடுத்தடுத்த வரிகளில் எழுத்து சுருங்கிக்கொண்டே போயிற்று. ஐந்தாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. இந்த நோயில் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகமாம், வேலை என்று எடுத்தால் கொஞ்சம் அடங்குமாம், ஆனால் எழுத்து சின்னதாகிவிடுமாம். சேகர், அது யாருடைய எழுத்து என்று உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி போர்டில் நூலடித்து, இடது முஷ்டியின் மேல் வலது மணிக்கட்டை வைத்து, 'ழ'வை எங்கேயும் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இழுத்தவர். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் போனபோது கூட அவர் இப்படி உட்கார்ந்ததில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பரணிலிருந்து நம் காமிக்ஸ், 'இரத்தப் படலம்' ஜம்போ தொகுப்பை எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா, 2010இல் வந்தது, கருப்பு வெள்ளையில் தலையணை மாதிரி. நடுவில் அதை வரைந்தவரைப் பற்றித் தேடிப் படிக்கலாம் என்று தோன்றியது. இத்தனை வருடம் கதை கதை என்று அலைந்தோமே, அந்த மனிதரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? வில்லியம் வான்ஸ் என்ற பேரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதுவும் முழுப் பேர் இல்லை, முழுப் பேர் வில்லியம் வான் கட்செம். 1935இல் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய அன்டெர்லெக்டில் பிறந்தவர். பிரஸ்ஸல்ஸ் ஓவியக் கல்லூரியில் படித்து, விளம்பரப் படம் வரைந்து, 1962இல் டின்டின் என்ற காமிக்ஸ் வார இதழில் நாலு பக்கக் கதைகளோடு நுழைந்திருக்கிறார். விளம்பரத்தில் இருந்தவர் என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் கோடு சுத்தமா இருக்கு" என்றார்.

அந்த மனிதருக்கும் பார்க்கின்சன். 2010இல் இனி வரைய முடியாது என்று அறிவித்திருக்கிறார். நாம் ஜம்போவுக்கு அடித்துக்கொண்டிருந்த அதே வருடம்! நீ போஸ்ட்மேன் பின்னாலேயே போய் நின்றாயே, அந்த நாட்களில் அங்கே அவர் பேனாவைக் கீழே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நம் பழைய சண்டைக்கு வருகிறேன். வான்ஸுக்கு முகம் வராது, எல்லோரும் ஒரே தாடையோடு இருக்கிறார்கள், கதையில் வரும் அந்த ஜோன்ஸ் என்ற பெண்ணைத் தவிர ஒருத்தரும் சிரிப்பதில்லை என்று நீ சொல்வாய். சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாகத்தை இன்னொரு முறை எடுத்துப் பார். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கதாநாயகனை ஏப், சாலி என்ற வயசான தம்பதி வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். தலையில் குண்டு, ஞாபகம் போய்விட்டது, கழுத்துக்குக் கீழே XIII என்று அந்தப் பச்சை குத்தல். இறந்துபோன தங்கள் பையனின் பேரையே வைத்து அவனை ஆலன் என்று கூப்பிடுகிறார்கள். கதாசிரியர் வான் ஹாம் அதை எழுதிவிட்டார், ஆனால் நம்ப வைத்தது அந்தப் பாறையும் அலையும் மரவீடும்தான். நேற்று அப்பா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு அலையின் மேல் நகத்தை ஓட்டினார். "பாரு, நடுவில எங்கயும் நிக்கல. கை பயந்தா இங்க ஒரு முடிச்சு விழும்" என்றார். பதினைந்து நிமிடம் அந்த ஒரு கட்டத்திலேயே இருந்தார். அந்த நேரம் முழுக்கக் கை ஆடவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடல் அவருக்கு இங்கேதான் வந்தது என்று நினைத்துவிடாதே. 1964இலேயே ஹோவர்ட் ஃப்ளின் என்று ஒரு கடற்படைக்காரன் கதை. பிறகு புரூஸ் ஹாக்கர், அதுவும் பாய்மரக் கப்பல் காலத்து இங்கிலாந்துக் கடற்படை. கயிறு கயிறாக, முடிச்சு முடிச்சாக வரைந்திருக்கிறார். கடைசி வரை வாழ்ந்ததும் கடலோரம்தான், ஸ்பெயினில் சன்டாண்டர் என்ற ஊர். மனைவி பெட்ரா கோரியா ஸ்பெயின்காரர். அவர்தான் இவர் படங்களுக்கு வண்ணம் போட்டவர்! இவர் வரைந்த பாப் மொரான் என்ற சாகசத் தொடரை இவருக்குப் பின் வரைந்ததும் மைத்துனர் ஃபெலிசிசிமோ கோரியா. குடும்பமே ஒரு பட்டறை. அப்பா போர்டில் அவுட்லைன் போட, அம்மா உள்ளே நிரப்புவாளே, அது மாதிரி. கருப்பு வெள்ளையில் படித்ததால் பெட்ராவின் வேலை நமக்குக் கண்ணிலேயே படவில்லை. ஆனால் இன்னொன்றும் தோன்றுகிறது. வண்ணம் இல்லாததால்தான் அவருடைய கோடு மட்டும் நம் கண்ணில் அப்படிப் பதிந்தது.

உனக்குப் பிடித்த சேதியும் ஒன்று இருக்கிறது. நீ கேப்டன் டைகர் காமிக்ஸ் கட்சி, நான் இரத்தப் படலம் கட்சி என்று பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டோமே, அந்த இரண்டையும் வரைந்தவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி இருந்திருக்கிறார்கள். டைகரை வரைந்த ழான் ஜிரோ கதை எழுத, மார்ஷலாக வரும் டைகரின் இரண்டு ஆல்பங்களை 1991இலும் 1993இலும் வரைந்தது வான்ஸ். 2007இல் இரத்தப் படலத்தின் பதினெட்டாம் பாகத்தை வரைந்துகொடுத்தது ஜிரோ. கடைசிப் பத்தொன்பதாவது பாகத்தை வான்ஸே முடித்தார். 1984இல் தொடங்கியது, இருபத்துமூன்று வருடம், எண்ணூறு பக்கத்துக்குக் கிட்ட வரும். அப்போது அவருக்கு வயது 72. அடுத்த சுற்றை யூரி ஜிகுனோவ் என்பவர் எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் வரைகிறார், ஆனாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

2018 மே மாதம் வான்ஸ் போய்விட்டார். நம் வண்ணத் தொகுப்பு வந்ததும் அதே வருடம்தான். வாங்கினேன், பிரித்தேன், அட்டையைத் தடவிப் பார்த்து அடுக்கினேன். அவர் போன சேதியை மட்டும் அன்று கவனிக்கவே இல்லை. அது இப்போது உறுத்துகிறது.

அவருக்கும் இதே நோய் என்பதை அப்பாவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மல்லிகா, சொல்லாதீர்கள் என்றாள். நான் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எடுத்த வேலைய முடிச்சிட்டாரா?" என்று கேட்டார். முடித்துவிட்டார் என்றேன். "நம்ம பிள்ளையார் கோயில் போர்டு பாதியில நிக்குதுடா" என்றார். நாலு எழுத்துதான் பாக்கி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கை கொஞ்சம் இலகுவாகிறது. அந்த நேரம் பார்த்துப் போகலாம் என்று இருக்கிறேன். நான் நூலடித்துத் தருவேன், அவர் எழுதட்டும். எழுத்து சின்னதாக வந்தால் வரட்டும் என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

தீபாவளிக்கு நீ ஊருக்கு வருகிறாய் அல்லவா? இரண்டு நாள் சேர்த்து இரு. உன் வண்ணத் தொகுப்பைக் கொண்டு வா, என்னுடையதில் ஒரு புத்தகத்தைப் பையனின் நண்பன் வாங்கிப்போய் ஆறு மாதம் ஆகிறது. இன்னொன்று. ஏழாம் வகுப்பில் உன் சைக்கிள் மட்கார்டில் அப்பா சிவப்பு எனாமலில் ஒரு எக்ஸும் மூன்று கோடும் போட்டுத் தந்தாரே, அந்த மட்கார்டு இன்னும் உங்கள் பழைய வீட்டில் கிடக்கிறதா? கிடந்தால் துடைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா கேட்டார்.

உன்,
கண்ணன்