சிறுநீரக ஆய்வுக்குப் பொதுவான ஆய்வகமும் தரவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாவோரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணமாக இருப்பதாலும், நம் இந்தியச் சமூகத்தில் அந்நோய் மிகுந்து காணப்படுவதாலும், சிறுநீரக ஆய்வு நமக்கு அயலான செய்தியன்று. நீரிழிவு உள்ள எல்லாருக்கும் சிறுநீரகம் பழுதாவதில்லை. யாருக்கு, ஏன் பழுதாகிறது என்பதை அறிய ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் மட்டும் போதமாட்டார்கள். ஒவ்வோர் உயிரணுவிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் கருவிகளோ விலை மிக்கவை, அவை தரும் தரவைப் பகுத்தாயும் வல்லுநர்களோ குறைவு. ஆகவே இவற்றை மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் பகிர்ந்துகொள்ளும் சேவையாக வலுப்படுத்தி, நோயாளிகளின் அடையாளம் நீக்கப்பட்ட தரவை ஒரே முறையில் பதிந்து, அதில் இந்திய, மலாய் நோயாளிகளின் மாதிரிகளும் போதிய அளவில் இடம்பெறச் செய்யுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈசூன் வாசகர்