விளம்பரம் இல்லாத சந்தா கொண்டு வாங்க, ஆனா 49 ரூபான்னு விலை வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு உங்க பேப்பர் வருது, வெளியூர் போனா போன்ல படிக்கிறோம். போன்ல படிக்கிறதுதான் இப்ப பெரிய பாடா இருக்கு. எங்கப்பா ஒரு செய்தியை திறந்து நாலு வரி படிக்கிறதுக்குள்ள மேல ஒரு விளம்பரம் லோட் ஆகி மொத்த பத்தியும் கீழ இறங்கிடுது, அவர் விரலால தள்ளப்போக அது விளம்பரத்து மேல பட்டு ஏதோ லோன் ஆப் பக்கம் திறந்துக்குது, உடனே போனை எங்கிட்ட நீட்டி பழையபடி ஆக்கிக் குடுங்கிறார். காசு கட்டி படிக்கிறவங்களுக்காவது விளம்பரமே இல்லாம குடுங்கன்னு கேட்கத்தான் இந்த லெட்டர். அதெல்லாம் கட்டுபடி ஆகாதுன்னு உங்க மேனேஜ்மென்ட்ல சொல்வாங்க, அதனால எனக்குத் தெரிஞ்ச கணக்கையும் சேர்த்தே எழுதுறேன்.

பிரான்ஸ்ல மீடியாபார்ட்னு ஒரு ஆன்லைன் பத்திரிகை இருக்கு. லெ மோந்த் பேப்பர்ல ஆசிரியரா இருந்த எட்வி ப்ளெனெல் சில பேரோட சேர்ந்து 2008ல ஆரம்பிச்சது. விளம்பரம் ஒண்ணுகூட கிடையாது, ஆரம்பிச்சப்ப மாசம் 9 யூரோ சந்தா. அப்ப இன்டர்நெட்ல செய்தின்னா இலவசம்தான், இதுக்கு எவன் காசு குடுப்பான்னு எல்லாரும் கேட்டாங்க, முதல் ரெண்டு மூணு வருஷம் நஷ்டம்தான். 2010ல லோரேயால்ங்கிற அழகுசாதன கம்பெனியோட வாரிசு பெத்தான்கூர் அம்மா வீட்டுல ரகசியமா பதிவு பண்ணின பேச்சுக்களை வெளிய கொண்டு வந்தாங்க, சந்தா மளமளன்னு ஏறுச்சு, அதுக்கப்புறம் லாபம். 2012 டிசம்பர்ல பட்ஜெட் மந்திரி கயூசாக்குக்கு சுவிஸ்ல ரகசிய அக்கவுண்ட் இருந்ததுன்னு எழுதினாங்க, மனுஷன் பார்லிமென்ட்லயே இல்லவே இல்லன்னு சொன்னார், கடைசியில அவரே ஒத்துக்கிட்டார். 2020 முடிவுல சந்தாதாரர்கள் 2 லட்சத்தைத் தாண்டிட்டாங்க. வேற எங்கயும் கிடைக்காத செய்தி அங்க இருந்துச்சு, அதான் ஜனங்க அந்த விலையைக் குடுத்தாங்க.

இப்ப நம்ம கணக்குக்கு வரேன். நம்ம ஊர்ல சந்தான்னாலே மாசம் 49, 99ன்னு வச்சு கூட்டம் சேர்க்கப் பார்க்கிறாங்க. 49 ரூபாயில 18 சதவீதம் ஜிஎஸ்டி போனா நிக்கிறது 41 ரூபா 50 காசு, 5,000 பேர் வருஷம் பூரா விடாம கட்டினாலும் 25 லட்சத்தைத் தொடாது, மாசத்துக்கு 2 லட்சம் சொச்சம், ஆறு ரிப்போர்ட்டருக்கு ஆளுக்கு 35,000 சம்பளம் குடுத்தா அதோட சரி. சர்வர் செலவு, ஆப் செலவு, போன் எடுத்து பதில் சொல்ற ஆளு எல்லாம் அதுக்கு மேல. இதே 150 ரூபான்னு வைங்க, பாதிப் பேர் வராம 2,500 பேர்தான் சேர்ந்தாங்கன்னாலும் வரி போக வருஷத்துக்கு 38 லட்சம் வரும். விலை ஏத்துனா ஆள் குறையும்ங்கிறது உண்மைதான், ஆனா 49க்கு சேர்ந்தவங்க ரெண்டாவது மாசமே மறந்துட்டு போறாங்களே அதையும் கணக்குல எடுக்கணும் இல்லையா.

விலையை வாசகர்கிட்டயே விட்டவங்க கதையும் இருக்கு. நெதர்லாந்துல டி கரஸ்பாண்டென்ட்னு 2013ல வருஷம் 60 யூரோவுக்கு விளம்பரம் இல்லாம ஆரம்பிச்சு நல்லா காலூன்றினாங்க, அதே ஆளுங்க 2018ல இங்கிலீஷ்ல ஒண்ணு ஆரம்பிக்க உங்களால முடிஞ்சதைக் குடுங்கன்னு கேட்டு 26 லட்சம் டாலர் சேர்த்தாங்க. எந்த ஊருக்குன்னு இல்லாம உலகத்துக்கே பொதுவா எழுதினாங்க. கொரோனா வந்ததும் சந்தாவை புதுப்பிக்காம நிறைய பேர் விட்டுட்டாங்க, அந்த இங்கிலீஷ் பத்திரிகையை 2021 ஜனவரி 1ல மூடிட்டாங்க. உங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, எங்க ஊர் கண்மாய்ல மண் அள்ளுறது, ஜிஹெச்ல மருந்து இல்லாதது இதையெல்லாம் உங்க நிருபர் எழுதலேன்னா வேற யாரும் எழுதப் போறதில்ல. அதுக்கு மாசம் 150 குடுக்க ஆள் இருக்கோம்.

இந்த ஜிஎஸ்டி விஷயத்தை நீங்க தலையங்கமாவே எழுதணும். அச்சடிச்ச பேப்பருக்கு வரி பூஜ்ஜியம், அதே செய்தியை ஆன்லைன்ல சந்தா கட்டி படிச்சா 18 சதவீதம், இது என்ன நியாயம்? பிரான்ஸ்லயும் இதே கதைதான், பேப்பருக்கு 2.1 சதவீதம், ஆன்லைனுக்கு 19.6 சதவீதம்னு இருந்ததை மீடியாபார்ட் ஒத்துக்காம குறைஞ்ச வரியைத்தான் கட்டுச்சு, 2014ல சட்டத்தை மாத்தி ரெண்டுக்கும் ஒரே வரி ஆக்கிட்டாங்க, ஆனாலும் பழைய பாக்கின்னு 40 லட்சம் யூரோவுக்கு மேல கேட்டு வாங்கினாங்க.

சந்தா கட்டினவங்களுக்கு விளம்பரம் இல்லைன்னா, காசு வாங்கிட்டு செய்தி மாதிரி போடுற அட்வர்டோரியலும் இருக்கக் கூடாது, வேற ஒரு தளத்துல வருஷ சந்தா கட்டிட்டு ஜவுளிக்கடை திறப்பு விழாவை செய்தி மாதிரி படிச்சிட்டு இருக்கேன். அப்புறம் பேங்க்ல இருந்து தானா பணம் எடுக்குற ஆட்டோபேன்னா பயப்படுற பெரியவங்க நிறைய இருக்காங்க, பேப்பர் போடுற ஏஜென்ட் கிட்டயே வருஷப் பணத்தை கட்டி ரசீது வாங்குற மாதிரி வைங்க, அவருக்கு ஒரு கமிஷன் குடுங்க, எங்க தெருவுல மட்டும் அஞ்சாறு வீடாவது சேருவாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், சிவகங்கை மாவட்டம்