பாட்டை ஆக்கியவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யுகுலேலே வாசிப்பவர்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இசையைத் தொழிலாகக் கொள்ளாத பலர், தமக்குப் பிடித்த ஒருவருடைய பாடல்களைக் கிதாரைப் போன்ற இச்சிறு கருவியில் வாசித்துப் பாடி, காணொளிகளாக இணையத்தில் பகிர்ந்துகொள்வதை விவரித்த கட்டுரையாளர், அசல் ஒலிப்பதிவு எவருக்கும் எளிதில் கிடைக்கும் காலத்தில் இத்தனை நகல்கள் எதற்கு என்று கேட்டு முடித்திருந்தார். ஆறு ஆண்டுகளாக யுகுலேலே வாசித்துவரும் நானும் அத்தகைய நகல்கள் சிலவற்றுக்குப் பொறுப்பாளி. அந்த முறையில், அவருடைய கேள்விக்கு விடை சொல்லவும், அவர் கேட்காமல் விட்ட வேறொரு கேள்வியைக் கேட்கவும் இதை எழுதுகிறேன்.

நகலெடுக்க ஒருவர் ஆசைப்பட்டாலும் யுகுலேலே அதற்கு இடம் கொடுப்பதில்லை. வழக்கமான சுருதி அமைப்பில் அதன் நான்கு தந்திகளும் மேற்கத்தியச் சுரங்களான ஜி, சி, ஈ, ஏ என்று கூட்டப்படுகின்றன. கிதாரில் போல ஒலி தந்திக்குத் தந்தி படிப்படியாக ஏறிச் செல்வதில்லை. வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் இருக்கும் ஜி தந்தி, அதை அடுத்துள்ள சி, ஈ இரண்டையும்விட உயர்ந்த சுரத்தில் நிற்கிறது. ஆகவே இந்த அமைப்பில் பியானோவின் நடுச் சி-க்குக் கீழே ஒரு சுரம்கூட இல்லை. விரல் வைக்க 12 ஃபிரெட்டுகள் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள்) கொண்ட சோப்ரானோ என்னும் சிறிய வகையில் அடிச் சுரத்துக்கும் உச்சிச் சுரத்துக்கும் இடையே இரண்டு ஸ்தாயிகள் முழுமையாக அமைவதும் இல்லை. அசலைத் தாங்கி நிற்கும் பாஸ் கிதார், பின்னால் எழும் வயலின்கள், டிரம்ஸ் எல்லாம் உதிர்ந்துபோக, எஞ்சுவது மெட்டும், சொல்லும், சொல்லுக்கு அடியில் நகர்ந்துகொண்டிருக்கும் கார்டுகளும், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களும்தாம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னர், மடியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பாட்டை ஆக்கியவரிடம் இருந்ததும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த எஞ்சியதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ‘சி நைன்த்’ என்னும் கார்டில் சி, ஈ, ஜி, பி ஃபிளாட், டி என்று ஐந்து சுரங்கள் உள்ளன, தந்திகளோ நான்கு. யுகுலேலே வாசிப்பவர்கள் இதற்குப் பரவலாகக் கையாளும் விரல்நிலையில் விட்டுப்போவது, அந்தக் கார்டுக்குப் பெயர் தந்த சி-யே. மிஞ்சிய நான்கு சுரங்களை ‘ஜி மைனர் சிக்ஸ்த்’ என்றும் அழைக்கலாம். அடியில் பாஸ் இல்லாத கருவியில் இவ்விரண்டில் எது காதில் விழுகிறது என்பதை, அந்த இடத்தில் பாடுகின்ற குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது, அடுத்து வரும் கார்டு எது என்பவைதாம் முடிவு செய்கின்றன. எந்தச் சுரத்தை விடலாம், எதை விட்டால் பாட்டே வேறாகிவிடும் என்று வாசிப்பவர் அடிக்கு அடி நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நூறு முறை கேட்டு ரசித்த பாடலுக்குள் இப்படி ஒரு கட்டாயம் இருந்தாலன்றி நான் நுழைந்திருக்கவே மாட்டேன்.

என் சொந்தப் பிழை ஒன்றையே சொல்கிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு கார்டுத் தாளை நம்பி, எனக்கு மிகவும் பிடித்த பாடல் ஒன்றைப் பாடிப் பகிர்ந்திருந்தேன். முன்பின் அறியாத ஒருவர், கடைசிச் சரணத்துக்கு முன்னுள்ள இணைப்புப் பகுதியில் மைனர் கார்டு வரவேண்டிய இடத்தில் நான் மேஜர் வாசித்திருப்பதாக எழுதினார். சற்றுச் சினத்துடன்தான் அசலை மீண்டும் கேட்டேன். அவர் சொன்னதே சரி. ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்கும் அந்த இடத்தில்தான், அதுவரை உறுதியாகப் பேசிவந்த வரி தன்னையே ஐயுறத் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளாகக் கேட்டும் இது எனக்குப் புலப்பட்டதில்லை. பிறகு அதே பாடலைப் பிறர் வாசித்த காணொளிகளைத் தேடிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை அதே பிழையைச் சுமந்துகொண்டிருந்தன. எல்லோரும் ஒரே தாளிலிருந்து கற்றிருக்கிறோம். ஓலைச்சுவடிகளில் ஏடெழுதியவர் கைப்பிழை அடுத்தடுத்த பிரதிகளில் பாடபேதமாக நிலைத்துவிடுவதைப் போன்றது இது. நகல் என்று கட்டுரையாளர் இகழ்ந்ததில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். (சுருதி சேராத வாசிப்பைப் பற்றி அவர் குறைபட்டதும் நியாயமே, ஆனால் புதிதாக மாட்டிய நைலான் தந்தி சில நாட்களுக்கு இளகிக்கொண்டேதான் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தால் சற்று இரங்கியிருப்பார்.)

ஒரே ஒருவரின் பாடல்களைப் பலர் பங்கிட்டுக்கொண்டு வாசிப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. புகழ்பெற்ற பாடல்களை முந்திக்கொண்டவர்கள் எடுத்துவிட, பின்னால் வருபவர்கள் எவரும் கவனிக்காத பாடல்களைத் தேடிப் போகிறார்கள். பத்துப் பதினைந்து பாடல்களை இப்படிக் கையால் அறிந்தபின், அவற்றை ஆக்கியவரின் பழக்கங்கள் விரல்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. துயரமான வரியை அவர் எந்தக் கார்டில் இறக்கி வைப்பார், பல்லவிக்குத் திரும்புமுன் எங்கே ஒரு கணம் தயங்குவார் என்பதெல்லாம் வரும்முன்னரே கை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. சொல்லையும் இசையையும் தாமே ஆக்குபவரைக் குறிக்க வாக்கேயக்காரர் என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. பாடலாசிரியர் என்றால் சொல்லை மட்டும், இசையமைப்பாளர் என்றால் மெட்டை மட்டும் நினைக்கும் வழக்கம் வந்துவிட்டதால், கர்நாடக இசைக்கு வெளியே அச்சொல்லுக்கு இன்று வேலை இல்லாமல் போயிற்று. இந்தக் காணொளிகளில் நான் சந்திப்பது வாக்கேயக்காரரைத்தான்.

அவருடைய பெயர் ஏன் அங்கே இருப்பதில்லை என்பதே கட்டுரையாளர் கேட்காமல் விட்ட கேள்வி.

யுகுலேலே என்றவுடன் உலகெங்கும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஹவாயைச் சேர்ந்த இஸ்ரேல் காமகவிவோஓலே 1988-இல் பாடிப் பதிவு செய்து, 1993-இல் தொகுப்பில் வெளிவந்த இணைப்புப் பாடல். அதில் இரண்டு பாடல்கள் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. முதலாவது 1939-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக ஹெரால்ட் ஆர்லன் இசையமைத்து, இ. ஒய். ஹார்பர்க் சொல் எழுதியது. இரண்டாவது பாப் தீலும் ஜார்ஜ் டேவிட் வைஸும் ஆக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங் 1967-இல் பாடியது. இஸ்ரேல் சொற்களைச் சில இடங்களில் மாற்றியும் இடம்பெயர்த்தும் பாடியிருக்கிறார். அது அவருடைய அழகு. அந்த மாற்றங்களோடே பாடிப் பகிர்பவர்களின் காணொளிகளில் நான் பார்த்தவரை, ஆக்கிய நால்வரின் பெயரும் அரிதாகவே தென்படுகிறது. இஸ்ரேலின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள்.

பீட்டில்ஸ் இசைக்குழுவில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி ஆகியோருடன் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் கதை இன்னும் நெருக்கமானது. யுகுலேலேவின் மீது அவருக்கிருந்த பற்று ஊரறிந்தது. அவர் மறைந்து சரியாக ஓராண்டு கழித்து, 2002 நவம்பரில் லண்டனில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில், அவர் 1969-இல் வெளியிட்ட காதல் பாடலைப் பால் மெக்கார்ட்னி யுகுலேலேவை மீட்டித்தான் பாடத் தொடங்கினார். அதே பாடலை மேடையில் பாடிப் பெரிதும் போற்றிய அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, அதை லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியதாக அறிவித்ததுண்டு என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. சினாட்ராவுக்கே நேர்ந்தது என்றால், கைப்பேசியின் முன் அமர்ந்து பாடும் எங்களை மன்னித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நாங்கள் அறியாமல் செய்வதில்லை. 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் மடெய்ரா தீவிலிருந்து ஹொனலூலுவுக்கு வந்திறங்கி, பின்னர் இக்கருவிக்கு உருக்கொடுத்த மூன்று தச்சர்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்கக்கூடியவர்கள் எங்களில் பலர் உண்டு. தந்தி எந்த நிறுவனத்துடையது, மரம் ஹவாயின் கோவா மரமா மஹோகனியா என்பதைக் காணொளியின் கீழே மூன்று வரிகளுக்கு எழுதுபவர்கள்கூட, பாட்டை ஆக்கியவருக்கு அரை வரி ஒதுக்குவதில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட சுருள்களால் எழுந்த வழக்கையடுத்து, அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையாளர் ஒருமுறை பதிவுக்கு அனுமதித்துவிட்ட பாடலைப் பிறரும் உரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம் என்ற வழியைத் திறந்தது. காணொளிக்கு அந்த வழி பொருந்தாது. படத்தோடு பாடலை இணைக்கத் தனி அனுமதி வேண்டும். நடைமுறையில், யூடியூப் 2007-இல் கொண்டுவந்த அடையாளம் காணும் ஏற்பாட்டைப் போன்றவற்றைக் கொண்டு, உரிமையாளர்கள் காணொளியை முடக்குகிறார்கள் அல்லது விட்டுவைத்து விளம்பர வருவாயை எடுத்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் உரிமையாளருக்கும் தளத்துக்கும் இடையிலான கணக்கு. உரிமையாளர் என்பது பல வேளைகளில் பதிப்பு நிறுவனமாக இருக்க, பாட்டை ஆக்கிய மனிதரைக் கேட்பவருக்குச் சொல்லும் வேலை பாடுபவருடையதாகவே எஞ்சுகிறது.

அதற்கு நான் பின்பற்றத் தொடங்கியிருக்கும் வழக்கம் எளியது. பாடுவதற்கு முன், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, நான் எந்தப் பதிவைக் கேட்டுக் கற்றேன் என்பதை வாயால் சொல்லிவிடுகிறேன். ஈ மேஜர் என் விரல்களுக்கு ஒருநாளும் வசப்படாத கார்டு என்பதால், அந்தச் சுருதியில் அமைந்த பாடலைச் சி-க்கோ எஃப்-க்கோ மாற்றியிருந்தால் அதையும் சொல்கிறேன். எழுத்தில் போடுவதைவிட இது மேல். கீழே எழுதியிருப்பதை விரித்துப் படிப்பவர்கள் குறைவு, தவிரவும் பிறர் காணொளியைத் தரவிறக்கி வேறிடத்தில் ஏற்றும்போது எழுத்து கழன்றுவிடுகிறது, குரல் கழல்வதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அக்கட்டுரையோடு வெளியான படத்தின் கீழே வாசிப்பவர் பெயர் இருந்தது, அவர் கையிலிருப்பது டெனர் வகை யுகுலேலே என்ற குறிப்பும் இருந்தது. கட்டுரையில் மூன்று பாடல்கள் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டிருந்தன. அம்மூன்றையும் ஆக்கியவர் ஒருவரே. அவருடைய பெயர் கட்டுரையின் எந்தப் பத்தியிலும் இல்லை. அடுத்த இதழின் திருத்தங்கள் பகுதியில் அதை வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்